முதலில் ஸ்டீம், பிறகு சோலார்: கடலூர், புதுச்சேரி ஆலைகளில் கார்பனைக் குறைக்கும் வரிசை

கடலூர் முதுநகரைத் தாண்டி சிதம்பரம் சாலையில் இருக்கும் சிப்காட் ஆலைகளில் பெரும்பாலானவை ரசாயனம், சாயம், மருந்து மூலப்பொருள் செய்பவை. இந்த மாதிரி ஆலையில் கார்பன் எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டால் பாய்லர்தான் முன்னால் நிற்கும். ஒரு நடுத்தர ஆலையை எடுத்துக்கொள்வோம். 3 டன் பாய்லர், சராசரியாக மணிக்கு 2 டன் ஸ்டீம், நாளைக்கு 20 மணி நேர ஓட்டம். அந்த 40 டன் ஸ்டீமுக்கு ஏறக்குறைய 8 டன் நிலக்கரி எரியும். கிலோவுக்கு 4,200 கிலோகலோரி தரும் நிலக்கரி ஒரு டன் எரிந்தால் சுமார் 1.7 டன் கார்பன் டை ஆக்சைடு வரும். ஆக ஒரு நாளைக்கு 13.6 டன்.

அதே ஆலை கூரையில் 500 கிலோவாட் சோலார் போட்டால் நாளைக்கு 2,000 யூனிட் கிடைக்கும். நம் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு 0.72 கிலோ அளவில் கார்பன் வருகிறது. மிச்சமாவது 1.4 டன். இதற்கு 50,000 சதுர அடி நிழலில்லாத கூரை வேண்டும். சோலார் கட்டாயம் போடுங்கள், ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தால் பத்தில் ஒரு பங்கில் நின்றுவிடுவீர்கள். ஸ்டீமைக் குறைப்பது, குறைத்த ஸ்டீமிலும் முடிந்ததை மின்சாரத்துக்கு மாற்றுவது, மிச்சத்துக்கு எரிபொருளை மாற்றுவது, கடைசியாக மின்சாரம் வாங்கும் இடத்தை மாற்றுவது என்ற வரிசையில் போனால் ஒவ்வொரு படியிலும் அடுத்த படிக்கான செலவு குறையும். முதலிலேயே புது பயோமாஸ் பாய்லருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு பிறகு கசிவை அடைத்தால், தேவைக்கு மீறிய பாய்லர் பாதி லோடில் புகைந்துகொண்டு நிற்கும்.

அளவெடுப்பது

பாய்லருக்குள் போகும் தண்ணீர் (ஃபீட் வாட்டர்) லைனில் ஒரு மீட்டர், எரிபொருளுக்கு எடைமேடை, இந்த இரண்டும் இருந்தால் தொடங்கிவிடலாம். ஷிப்டுக்கு ஒருமுறை இரண்டையும் எழுதி, ஒரு கிலோ எரிபொருளுக்கு எத்தனை கிலோ ஸ்டீம் என்று பாருங்கள். நல்ல நிலக்கரியில் 5 வர வேண்டும். 4-க்குக் கீழே போனால் பாய்லரிலேயே கோளாறு. ஃபீட் வாட்டரிலிருந்து ப்ளோடவுனை, அதாவது உப்பு சேராமல் இருக்க பாய்லரிலிருந்து வெளியே விடும் தண்ணீரைக் கழிக்க மறக்காதீர்கள், மறந்தால் பாய்லர் நன்றாக ஓடுவதாகவே காட்டும். பிறகு ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை கிலோ ஸ்டீம், எத்தனை யூனிட் என்று பொருள் வாரியாகப் பிரியுங்கள். ஏற்றுமதி வாடிக்கையாளர் கேட்கும் கார்பன் விவரமும் இதே தாளிலிருந்துதான் வரும். டீசல் லிட்டருக்கு 2.68 கிலோ, எல்பிஜி கிலோவுக்கு 3 கிலோ என்று வைத்துக்கொண்டால் போதும்.

ஸ்டீம் வீணாகும் இடங்கள்

7 பார் லைனில் 3 மில்லிமீட்டர் ஓட்டை மணிக்கு 20 முதல் 30 கிலோ ஸ்டீமை வெளியே விடும். கண்ணுக்குத் தெரிகிற கசிவை எப்படியும் யாராவது அடைத்துவிடுவார்கள். தெரியாமல் போவது ட்ராப்பில், அதாவது ஸ்டீமைத் தடுத்து, குளிர்ந்து நீரானதை (கன்டென்சேட்) மட்டும் வெளியே விடும் வால்வில். மூன்று நான்கு வருடம் சோதிக்காமல் விட்ட ட்ராப்களில் பத்துக்கு இரண்டு மூன்று திறந்தபடியே நின்றுபோயிருக்கும். கன்டென்சேட் லைனுக்குள் நேரடி ஸ்டீம் ஓடிக்கொண்டிருக்கும். டேங்கின் வென்ட் குழாயில் எப்போதும் அடர்த்தியான வெண்புகை வந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒவ்வொரு ட்ராப்புக்கும் நம்பர் போட்ட தகடு மாட்டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசோனிக் கருவியால் கேளுங்கள். வெப்பநிலை கன் மட்டும் போதாது. அடைத்துப்போன ட்ராப் குளிர்ந்திருக்கும், அதை அது காட்டிவிடும். திறந்து நிற்பதும் நன்றாக வேலை செய்வதும் ஒரே சூட்டில்தான் இருக்கும்.

இன்சுலேஷன் இல்லாத 100 மில்லிமீட்டர் ஸ்டீம் பைப், 170 டிகிரியில், மீட்டருக்கு 700 வாட் அளவில் வெப்பத்தை விடும். 50 மில்லிமீட்டர் ராக்வூல் சுற்றினால் அது பத்தில் ஒன்றுக்கு இறங்கும். பைப்பைச் சுற்றிவிட்டு வால்வையும் ஃப்ளேஞ்சையும் அப்படியே விடுவதுதான் வழக்கம். அவற்றுக்குக் கழற்றி மாட்டும் ஜாக்கெட் தைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மெயின்டனன்ஸுக்காகப் பிரித்தது திரும்பி வராது. நம் பக்கம் இன்னொரு சிக்கல் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் அலுமினியத் தகட்டின் மடிப்பு வழியே தண்ணீர் இறங்கி ராக்வூல் ஊறிவிடும். ஊறிய இன்சுலேஷன் வெப்பத்தைப் பிடிக்காது. உப்புக்காற்றோடு சேர்ந்து உள்ளே பைப்பையும் அரிக்கும். மடிப்பு கீழ்நோக்கி, பக்கவாட்டில் இருக்க வேண்டும், மேலே வரக் கூடாது. புரட்டாசிக்குள் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள்.

அடுத்தது கன்டென்சேட். ஃபீட் வாட்டர் 6 டிகிரி ஏறினால் எரிபொருளில் 1% மிச்சம் என்பது பாய்லர் ஹவுஸில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. மேலே சொன்ன ஆலை 60% கன்டென்சேட்டை 90 டிகிரியில் திருப்பினால் ஃபீட் வாட்டர் 30-லிருந்து 66 டிகிரிக்குப் போகும். 36 டிகிரி என்றால் 6%, நாளைக்கு 480 கிலோ நிலக்கரி. இதுவே 800 கிலோ கார்பன். அந்த 500 கிலோவாட் சோலார் தருவதில் பாதிக்கும் மேல்.

இவ்வளவு தெரிந்தும் ரசாயன ஆலைகளில் கன்டென்சேட்டைச் சாக்கடையில் விடுவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. ரியாக்டரின் ஒரே ஜாக்கெட்டில் (வெளிச்சுற்று உறையில்) முதலில் ஸ்டீம், பிறகு கூலிங் வாட்டர், அதன்பின் பிரைன் (மைனஸ் டிகிரிக்குக் குளிர வைத்த உப்புநீர்) என்று மாறி மாறி ஓடும். அடுத்த பேட்ச்சுக்கு ஸ்டீம் திறக்கும்போது ஜாக்கெட்டின் அடியில் தங்கிய பிரைன் கன்டென்சேட்டோடு வந்துவிடும். அந்த குளோரைடு பாய்லர் டியூபைத் தின்னும். ஒருமுறை அப்படி டியூப் போன ஆலையில் கன்டென்சேட் என்ற பேச்சையே எடுக்க மாட்டார்கள். தீர்வு இதுதான்: பிரைன் முடிந்ததும் ஜாக்கெட்டைக் காற்றால் தள்ளிக் காலி செய்யும் படியை பேட்ச் ஷீட்டிலேயே எழுதிவிடுங்கள். கன்டென்சேட் ஹெடரில் கன்டக்டிவிட்டி மீட்டரும் அதன் சொல்படி திரும்பும் மூன்றுவழி வால்வும் போடுங்கள். தொடக்கத்தில் வரும் அழுக்கு நீர் தானாக வெளியே போகும், சுத்தமானது மட்டும் டேங்குக்கு வரும். ப்ரோப்பை மாதம் ஒருமுறை துடைத்து காலிபரேட் செய்யாவிட்டால் மீட்டர் தவறாகக் காட்டத் தொடங்கும், ஃபிட்டர் வால்வை நிரந்தரமாக வெளியே திருப்பிவைத்துவிடுவார், பழைய கதைதான். இந்த அபாயம் வேண்டாம் என்பவர்கள் ஒரு பிளேட் எக்ஸ்சேஞ்சர் வைத்து வெப்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நீரை விடலாம்.

பாய்லர் தண்ணீரையும் இதோடு பாருங்கள். கடலோர போர்வெல் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) ஏறிக்கொண்டே வருகிறது. பாய்லர் உள்ளே 3,500 வரை தாங்கும் என்று வைத்தால், 300 டிடிஎஸ் ஃபீட் வாட்டருக்கு 9% ப்ளோடவுன் விட வேண்டும். ஆர்ஓ தண்ணீர் 30 என்றால் 1% போதும். சாஃப்ட்னர் கடினத்தன்மையைத்தான் எடுக்கும், டிடிஎஸ்ஸைக் குறைக்காது. ஸ்டாக் (புகைபோக்கி) வெப்பநிலை 22 டிகிரி குறைந்தால் 1% மிச்சம். ஆக்சிஜன் மீட்டரில் திட எரிபொருளுக்கு 6 முதல் 8% வரை இருக்கட்டும். 12% காட்டினால் காற்றைச் சூடாக்கிப் புகைபோக்கியில் விடுகிறீர்கள் என்று அர்த்தம். ஸ்டீம் அழுத்தம் அதிகமாகத் தெரிகிறது என்று பாய்லரையே 5 பாரில் ஓட்டாதீர்கள், ஸ்டீமோடு தண்ணீரும் ஏறி வரும். பாய்லரில் 10 பார் வைத்து, பயன்படும் இடத்தில் பிஆர்வியால் (அழுத்தம் குறைக்கும் வால்வால்) குறைப்பதே சரி.

எதை மின்சாரத்துக்கு மாற்றலாம்

இங்கே பலர் தவறான முடிவுக்குப் போகிறார்கள். மின்தொகுப்பு மின்சாரத்தில் ஓடும் எலக்ட்ரிக் பாய்லர் ஒரு யூனிட் வெப்பத்துக்கு 0.73 கிலோ கார்பன் விடுகிறது. நிலக்கரி பாய்லர் 0.44, ஃபர்னஸ் ஆயில் 0.34, இயற்கை எரிவாயு 0.24. ஆகவே இன்றைய நிலையில் வாரிய மின்சாரத்தில் எலக்ட்ரிக் பாய்லர் போடுவது கார்பனை ஏற்றும். ஹீட் பம்ப் அப்படியில்லை, அது வெப்பத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு இழுத்துக் கொடுக்கும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் தந்தால் 0.24 கிலோதான்; ஒரு பக்கம் வெந்நீர், இன்னொரு பக்கம் சில்ட் வாட்டர் (குளிர்நீர்) இரண்டையும் பயன்படுத்தினால் இன்னும் இறங்கும். மருந்து ஆலைகளில் இரண்டும் ஒரே நேரத்தில் தேவைப்படுவது நம் அதிர்ஷ்டம்.

எங்கே போடலாம் என்பதற்கு சால்வென்ட் ரெகவரியை, அதாவது பயன்படுத்திய கரைப்பானைக் காய்ச்சி மீட்பதைப் பாருங்கள். அசிட்டோன் 56 டிகிரியிலும் மெத்தனால் 65-லும் எத்தில் அசிடேட் 77-லும் கொதிக்கும். இவற்றைக் காய்ச்ச 148 டிகிரி ஸ்டீமை 3.5 பாரில் விடுகிறோம். முதல் இரண்டுக்கும் 85 டிகிரி வெந்நீர் தாராளம். எத்தில் அசிடேட்டுக்கு வேக்குவம் சேர்த்தால் போதும். டொலுயின் 110 டிகிரி, அதை ஸ்டீமிலேயே விட்டுவிடுங்கள். மாற்றினால் சூடேறும் நேரம் கூடும், பேட்ச் சுழற்சி நீளும். அதனால் முதலில் ஒரே ஒரு ஸ்டில்லில் (காய்ச்சி வடிக்கும் கலனில்) ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். சால்வென்ட் ஏரியாவுக்குள் ஹீட் பம்ப்பை வைக்கக் கூடாது. வெளியே யூட்டிலிட்டியில் வைத்து வெந்நீரை மட்டும் பைப்பில் கொண்டுபோங்கள். சேஞ்ச் கன்ட்ரோல் (மாற்றத்துக்கான முறையான ஒப்புதல்), ஹசாப் (ஆபத்து ஆய்வு) இரண்டும் முடியாமல் ஒரு வால்வைக்கூட மாற்ற வேண்டாம்.

கழிவுநீரை ஆவியாக்கும் எவாபரேட்டர்தான் பல ஆலைகளில் ஸ்டீமின் பெரிய வாடிக்கை. நான்கு எஃபெக்ட் எவாபரேட்டர் (ஒரு கட்டத்தின் ஆவியால் அடுத்த கட்டத்தைச் சூடாக்குவது) ஒரு டன் தண்ணீரை ஆவியாக்க 0.3 டன் ஸ்டீம் எடுக்கும். நிலக்கரி பாய்லரில் அது 100 கிலோ கார்பன். அதே வேலையை எம்விஆர் (வரும் ஆவியையே கம்ப்ரஸரால் அழுத்தி மீண்டும் சூடாக்கப் பயன்படுத்தும் எவாபரேட்டர்) 30 யூனிட் மின்சாரத்தில் செய்தால் 22 கிலோ. ஆனால் உப்பு அடர்த்தி ஏற ஏற கொதிநிலையும் ஏறும், கம்ப்ரஸர் திணறும். எம்விஆரில் ஓரளவு அடர்த்தி வரை கொண்டுவந்துவிட்டு கடைசிப் பகுதியை ஸ்டீமில் முடிப்பதே நடைமுறை. இதற்கெல்லாம் முன்னால், அதிக டிடிஎஸ் நீரையும் குறைந்த டிடிஎஸ் நீரையும் மூலத்திலேயே பிரித்து, குறைந்ததை ஆர்ஓவுக்கு அனுப்புங்கள். ஒரே குழியில் கலந்துவிட்டு முழுவதையும் ஆவியாக்குவதுதான் இருப்பதிலேயே பெரிய வீண்.

பிரைன் பிளான்ட்டில் ஒரு சின்ன வேலை: மைனஸ் 15 டிகிரி பிரைனை 5 டிகிரி போதுமான கண்டென்சருக்கும் ஓட்டுகிறார்களா என்று பாருங்கள். செட்டிங்கை ஒரு டிகிரி ஏற்றினால் ஏறக்குறைய 3% மின்சாரம் மிச்சம். பச்சை ஹைட்ரஜனை எரித்து ஸ்டீம் எடுக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். ஒரு கிலோ செய்ய 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் போகும், எரித்தால் 33 யூனிட் வெப்பம் வரும். இந்த வேலைக்கு அது வேண்டாம்.

எரிபொருள் மாற்றம்

நெய்வேலி பழுப்பு நிலக்கரி பக்கத்தில் கிடைக்கிறது. ஆனால் அதில் பாதி ஈரம், ஒரு டன் ஸ்டீமுக்கு நிலக்கரியைவிட அதிக கார்பன். அந்தத் திசையில் போக வேண்டாம்.

நம் மாவட்டத்துக்குச் சவுக்கும், பண்ருட்டிப் பக்கத்து முந்திரி ஓடும், மல்லாட்டை (நிலக்கடலை) ஓடும், உமியும் இயல்பான எரிபொருள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கெடும். சவுக்கை 20% ஈரத்தில் எரித்தால் கிலோவுக்கு 4 கிலோ ஸ்டீம் வரும். வெட்டிய ஈரத்தோடு, 45%-ல் எரித்தால் இரண்டரைக்குக் கீழே போய்விடும். அதாவது 40 டன் ஸ்டீமுக்கு 10 டன் போதுமான இடத்தில் 16 டன்னுக்கு மேல் லாரியில் வரும், கூடவே புகையும். லாரி வாசலில் நிற்கும்போதே ஐந்து இடத்தில் ஈரமானி வைத்துப் பார்த்து, ஈரத்துக்கு ஏற்ப விலை என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். எடைக்கு மட்டும் விலை கொடுத்தால் தண்ணீரைத்தான் வாங்குவீர்கள். காகித ஆலைகளும் சவுக்குக்குப் போட்டி போடுவதால் ஒரே எரிபொருளை நம்பாதீர்கள். நட்டு வளர்த்து வெட்டும் சவுக்காக இருந்தால்தான் கார்பன் கணக்கு நேர்மையாக நிற்கும். ஏரிக்கரை மரமும் புறம்போக்கு மரமும் வந்தால் அது குறைப்பே அல்ல.

முந்திரி ஓட்டில் கலோரி நன்றாக இருக்கும், ஆனால் எண்ணெய் எடுக்காத ஓட்டை சாதாரண கிரேட்டில் (அடுப்புத் தட்டில்) போட்டால் காரமான புகை வரும், டியூபில் பிசினாக ஒட்டும். எண்ணெய் எடுத்த ஓட்டை மட்டும் வாங்கி, மேலிருந்து இரண்டாம் காற்று கொடுத்து, வேறு எரிபொருளோடு கலந்து எரிக்கலாம். குவியலாக நாள்கணக்கில் கிடந்தால் உள்ளே சூடேறித் தீப்பிடிக்கும், அதனால் முதலில் வந்தது முதலில் போக வேண்டும். உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அதுவும் சிலிக்கா, டியூபைத் தேய்க்கும். வைக்கோலின் பொட்டாசியமும் குளோரினும் உருகிக் கட்டியாகும், சிறிய பாய்லருக்கு அது ஆகாது. மழைக்கால இருப்பு 20 நாளாவது கூரைக்குள், தரையிலிருந்து ஒரு அடி மேடையில் இருக்கட்டும். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30-ஆம் தேதி புதுச்சேரி அருகே கரையேறியபோது ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டிய ஊர் இது.

புகை விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம், சங்கொலிக்குப்பம் மக்கள் பல வருடமாக இந்தக் காற்றைச் சுவாசிக்கிறார்கள். 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடலூரை மிக மோசமாக மாசடைந்த தொழிற்பகுதிகளில் ஒன்றாகச் சேர்த்தது. கார்பனைக் குறைக்கிறோம் என்று சொல்லி விறகுத் தூசியை ஊருக்குள் அனுப்பினால் அதை யாரும் ஏற்க வேண்டியதில்லை. சைக்ளோன் (புகையைச் சுழற்றித் தூசியைப் பிரிக்கும் கருவி) மட்டும் நுண்தூசியைப் பிடிக்காது, பேக் ஃபில்டர் (துணிப்பை வடிகட்டி) வேண்டும். விறகில் தீப்பொறி பறந்து பை எரியும் என்பதால் அதற்கு முன்னால் சைக்ளோனும் வேண்டும். ஸ்டார்ட்டப்பில் ஈரப்புகை பையை அடைக்கும் என்று பைபாஸைத் திறந்துவிடும் பழக்கத்தை, பைபாஸ் திறந்திருந்த நேரத்தைப் பதிவு செய்வதன் மூலம் கட்டுக்குள் கொண்டுவாருங்கள்.

புதுச்சேரி ஆலைகள்

மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, தட்டாஞ்சாவடி பக்கம் ஸ்டீம் குறைவு, மோட்டாரும் கம்ப்ரஸரும் மோல்டிங் மெஷினும்தான். இங்கே ஏர் லைனில் தொடங்குங்கள். 7 பாரில் 3 மில்லிமீட்டர் ஓட்டை 3 கிலோவாட் தின்னும். ஞாயிற்றுக்கிழமை எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு கம்ப்ரஸரை மட்டும் ஓட்டி, லோடில் இருக்கும் நேரத்தையும் அன்லோட் நேரத்தையும் குறியுங்கள். லோட் நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் கசிவின் பங்கு தெரியும். 10%-க்குள் கொண்டுவருவது இலக்கு. அழுத்தத்தில் 1 பார் குறைத்தால் 6 முதல் 10% மின்சாரம் குறையும். லோடு மாறிக்கொண்டே இருக்கும் ஃபேனிலும் பம்ப்பிலும் விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) போட்டு வேகத்தை 80% ஆக்கினால் மின்சாரம் பாதியாகும். முழு வேகத்திலேயே ஓடும் மோட்டாருக்கு விஎஃப்டி போட்டால் நஷ்டம்தான்.

சோலாரும் வாங்கும் மின்சாரமும்

இந்தக் கடற்கரையில் பேனல் கெடுவதைவிட பறந்துபோவதுதான் பயம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. ஸ்ட்ரக்சர் டிசைனை ஐஎஸ் 875 மூன்றாம் பகுதிப்படி, விநாடிக்கு 50 மீட்டர் காற்றுக்கும் கடலோரத்துக்கான 1.15 மடங்குக்கும் போட்டுத் தரச் சொல்லி, கணக்குத் தாளைக் கையில் வாங்குங்கள். பெரும்பாலும் உடைவது கம்பி அல்ல, பேனலைப் பிடிக்கும் கிளாம்ப்தான். ஓரத்து வரிசைக்கு போல்ட் போட்டே பிடியுங்கள். ஹாட் டிப் கால்வனைசிங் 80 மைக்ரான், பேனலுக்கு ஐஇசி 61701 உப்புக்காற்றுச் சான்று. ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல் நேரடியாகப் போடாதீர்கள், முதலில் கூரையை மாற்ற வேண்டும்.

கூரை போதாதவர்களுக்கு ஓப்பன் ஆக்சஸ் (வெளி உற்பத்தியாளரிடமிருந்து மின்தொகுப்பு வழியே மின்சாரம் வாங்குவது) உண்டு. 2022 விதிப்படி 100 கிலோவாட் ஒப்பந்தச் சுமை இருந்தாலே பசுமை மின்சாரத்துக்குத் தகுதி. குரூப் கேப்டிவ் (பலர் சேர்ந்து தங்களுக்காக வைக்கும் மின்நிலையம்) என்றால் நுகர்வோர் சேர்ந்து 26% பங்கு வைத்து 51% மின்சாரத்தை எடுக்க வேண்டும். ஒரு வருடம் இந்த அளவு குறைந்தாலும் கேப்டிவ் தகுதி போய், கூடுதல் கட்டணம் மொத்தமாக வரும். காற்றாலை மின்சாரம் வைகாசி முதல் புரட்டாசி வரைதான் நிறைய வரும், உங்கள் உற்பத்தி உச்சம் எந்த மாதம் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். கடலூர் தமிழ்நாட்டு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கீழும், புதுச்சேரி கூட்டு ஆணையத்தின் கீழும் வருவதால் பக்கத்து ஆலையின் கணக்கு உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

சேர்ந்து செய்ய வேண்டியவை

ட்ராப் சோதிக்கும் ஆளும் கருவியும் ஒவ்வொரு சிறு ஆலையிலும் இருக்க வேண்டியதில்லை. எஸ்டேட் சங்கம் ஒரு குழுவை வைத்து மாதவாரியாகச் சுற்றவிடலாம். விறகுக்கும் அப்படியே, ஒரு பொது யார்டு, உலர்த்தும் கூரை, எடைமேடை, ஈரமானி. இன்னும் ஒரு படி மேலே போனால், பத்து சின்ன பாய்லருக்குப் பதில் நல்ல பேக் ஃபில்டர் உள்ள ஒரு பெரிய பாய்லரிலிருந்து அக்கம்பக்க ஆலைகளுக்கு ஸ்டீம் கொடுக்கலாம். ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் இது தாங்கும். ஸ்டீம் மீட்டருக்கு யார் காலிபரேஷன் செய்வது, கன்டென்சேட்டைத் திருப்பினால் எவ்வளவு கழிவு, பாய்லர் நின்றால் மாற்று யாருடையது என்ற மூன்றையும் பைப் போடுவதற்கு முன்பே எழுதி கையெழுத்திடுங்கள். மூன்றாவதில் தெளிவு இல்லாவிட்டால் ஒவ்வொருவரும் பழைய பாய்லரைச் சூடாகவே வைத்திருப்பார்கள், மிச்சம் ஒன்றும் இருக்காது.

எரிபொருளை மாற்றுவதென்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையில் திருத்தம் வேண்டும். புதுச்சேரியில் அங்குள்ள மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்திடம். பாய்லர் ஃபர்னஸைத் தொட்டாலும் ஸ்டீம் லைனை வெட்டி வெல்ட் செய்தாலும் பாய்லர் ஆய்வாளரின் ஒப்புதலும் சான்றுபெற்ற வெல்டரும் வேண்டும். மெஷினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இரண்டு மனுவையும் போட்டு, வருடாந்தர ஷட்டவுனோடு வேலையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். புது எரிபொருளில் முதல் வாரம் ஓட்டும்போது ஸ்டாக் தூசி அளவை வெளி லேபை வைத்து எடுத்து, கேட்டில் போர்டில் எழுதி வையுங்கள். ஊர்க்காரர்கள் படிக்கும் உயரத்தில், தமிழில்.